இருபத்திரண்டு வெள்ளைப் புள்ளிகள்

அறுவடை முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நெல் நன்றாகக் காய்ந்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கே பிரயோங் கூட்டுறவு ஆலையின் சோதனை அறைக்கு வந்து, அங்கிருந்த ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"சீக்கிரம் வேகவை, லம்துவன். வீட்டுல பத்து மூட்ட வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது. நீ தேறிடுச்சுன்னு சொன்னாத்தான் தைக்கலாம்."

"வேகறதுக்கு ஆகுற நேரம் ஆகும் அத்தை."

பதினோரு வருடமாக அந்த ஊரின் மல்லிகை அரிசிக்கு விதை நெல் பிரயோங்கின் சின்ன வயலிலிருந்துதான் போகிறது. கணவர் இறந்த வருடம்கூட அது நிற்கவில்லை. வேறு விதையைக் கலந்தாள் என்று தெரிந்தால் விதை வயல் என்ற பெயர் போய்விடும். பிறகு அது திரும்பாது. கூட்டுறவுக் குழுவின் விதி அப்படி.

லம்துவன் உமி நீக்கித் தீட்டிய அரிசியில் உடையாத மணிகளாக நூறு எண்ணினாள். கம்பிவலைக் கூடையில் இட்டுக் கொதிநீரில் இறக்கினாள். பதினேழு நிமிடம். மல்லிகை அரிசி அதற்குள் நடுவரை வெந்துவிடும். சாதாரண வெள்ளை அரிசிக்கு அது போதாது. வெளியே வெந்திருந்தாலும் உள்ளே சுண்ணாம்புப் புள்ளி மாதிரி மாவு நிற்கும். வேகாமல் பார்த்தால் இரண்டும் ஒரே நீளம், ஒரே மெலிவு. எட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். அவளுக்கே கண்ணால் பிரிக்கத் தெரியாது.

குழுத் தலைவர் சம்ரித் உள்ளே வந்து ஆவியை மோந்தார்.

"மணக்குதே. இன்னும் என்ன சோதன?"

"உன் மூக்க நம்பியிருந்தா உன் தலைவர் பதவி எப்பவோ போயிருக்கும்" என்றாள் பிரயோங். "மல்லிகைன்னு பேர வச்சுக்கிட்டு சோத்துல போடுற ரம்பை இலை வாசம் அடிக்குதுன்னு சண்டைக்குப் போன ஆள்தானே நீ?"

"அப்ப எனக்குப் பத்து வயசு."

"பேரு மல்லிப்பூ வெள்ளைக்கு வச்சது, வாசத்துக்கு இல்ல. பத்து வயசுல எனக்குத் தெரியும்."

கடிகார மணி அடித்தது. லம்துவன் அரிசியை எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து, ஒரு கண்ணாடியில் பரப்பி, இன்னொரு கண்ணாடியால் அழுத்தினாள். வெந்த மணிகள் தெளிவாக நசுங்கின. மற்றவற்றில் வெள்ளைப் புள்ளி. எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"இருபத்திரண்டு."

அவள் புதிதாக நூறு எடுத்து வேகவைத்தாள். அந்தப் பதினேழு நிமிடமும் பிரயோங் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை இருபது.

விற்கிற அரிசியில் நூற்றுக்கு எட்டு வரை பொறுப்பார்கள். விதையில் ஒன்றுகூட ஆகாது.

"தோங்தீ வயல்?" என்றார் சம்ரித்.

"நேத்து பாத்ததுல ஆறு."

"பூன்லர்ட்?"

"ரெண்டு."

"அவங்க விதையெல்லாம் உன்கிட்ட வாங்குனதுதான், பிரயோங். அது தேறுது, உன்னோடது தேறல. ஆத்தோரத்துச் சாதா நெல்லக் கலந்தா ரெண்டு மூட்ட கூட வரும்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"என் சோத்துல நானே மண்ணப் போட்டுக்குவேனா?"

"கேக்கத்தான் செய்வாங்க."

"கேக்கட்டும். நீ கேக்குற பாரு, அதுதான் சுடுது." அவள் கண்ணாடியிலிருந்து ஒரு மணியை நகத்தால் எடுத்து முன்பல்லில் கடித்தாள். உள்ளே கடுக்கென்றது. அதைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

சம்ரித் விதை வயல்காரர்களின் பெயர்ப் பட்டியலை எடுக்க அலமாரியைத் திறந்தார்.

லம்துவன் தன் குறிப்பேட்டைப் பார்த்தாள். இருபத்திரண்டு. ஆறு. இரண்டு. மூன்று வயலையும் ஒரே நாளில், ஒரே இயந்திரம் அறுத்தது. ஓட்டியவன் அவள் கணவன் கம்போன். அன்று காலை டீயை அவள் பிரயோங் வயலுக்குக் கொண்டுபோனாள். மதியச் சோறு தோங்தீ வயலுக்கு. பூன்லர்ட் வயலை முடித்து அவன் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. எண்களும் அதே வரிசையில் இறங்கியிருந்தன.

அவள் வெளியே போய்க் கைபேசியில் அழைத்தாள்.

"என்னடி, பகல்லயே ஞாபகம் வந்துருச்சா?"

"அத்தை வயல்ல எறக்குறதுக்கு முன்னாடி மெஷினு எங்க இருந்துச்சு?"

"ஆத்தோரம். ஏன்?"

"அடிப்பலகையத் தொறந்து உள்ள தங்குன நெல்ல ஊதுனீங்களா?"

பின்னால் எங்கோ ஒரு டிராக்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"அத இப்ப எதுக்குக் கேக்குற? அன்னிக்கு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு, உனக்கே தெரியும்." பிறகு குரலைத் தணித்தான். "லம், தை மாசம் வரைக்கும் அறுப்புக்கு ஆளுங்க மெஷினப் பேசி வச்சிருக்காங்க. வாயத் தொறக்காத."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். களத்தில் இரண்டு பெண்கள் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பேச்சு மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும். யாருடைய பெயரோடு சுற்றும் என்பதுதான் பாக்கி.

உள்ளே சம்ரித் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பிரயோங் எழுந்து, சோதனைக்குக் கொண்டுவந்த பையின் வாயை முடிந்துகொண்டிருந்தாள். முடிச்சு விழவில்லை.

"மாமா, அத்தை பேர அடிக்காதீங்க" என்றாள் லம்துவன். "அந்த நெல்லு விதைக்கு ஆகாது, அது சரி. ஆனா அத்தை கலக்கல."

"பின்ன யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. முந்துன நாள் ஆத்தோரத்துச் சாதா நெல்ல அறுத்துட்டு, மெஷின சுத்தம் பண்ணாமயே கொண்டுவந்து அத்தை வயல்ல எறக்கிட்டாரு."