லட்சிய அமெரிக்கரும் பெயர் வெட்டின குடமும்

லட்சிய அமெரிக்கர் வேலை காலியாக இருந்தது. நாட்டுக்கே ஒரு இடம்தான். என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

நான் தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவன். பெயர் கோமதிநாயகம். உம்மை யாருய்யா கூப்பிட்டது என்று கேட்காதீர்கள். நானேதான் விண்ணப்பம் போட்டேன். என் ஒரே மகள் உலகம்மாளை அமெரிக்காவில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். போனில் அவளுக்கு ஒரே பேச்சுதான். "நல்லா இருக்கேன்ப்பா." ஆனால் வாரத்துக்கு வாரம் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. கடைசியாகப் பேசியபோது கடுகளவுதான் இருந்தது. போனைத் தட்டிப் பார்த்தேன். அந்தக் கடுகு என் உள்ளங்கையில் விழுந்தது. அதற்குப் பிறகு போனில் ஒரு சத்தமும் இல்லை. கடுகை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மாப்பிள்ளை சிவசைலத்திடம் நேரில் வருகிறேன் என்றால், "இந்த வருசம் வேண்டாம் மாமா, அடுத்த வருசம் பாப்போம்" என்பார். அடுத்த வருடமும் அதே பல்லவிதான். லட்சிய அமெரிக்கர் ஆகிவிட்டால் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம், திறந்தே ஆக வேண்டும் என்று விசாரித்ததில் தெரிந்தது. சரி, அதையும்தான் பார்த்துவிடுவோம் என்று வேட்டியை மாற்றிக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

செங்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடை வாசனை எங்கே முடிகிறதோ அங்கே அமெரிக்கா ஆரம்பித்தது. கண்டக்டர் விசில் ஊதினார்.

"அமெரிக்கா எல்லாம் எறங்கு!"

நான் ஒருத்தன்தான் இறங்கினேன்.

எதிரே ஒரு கடை இருந்தது. கடை என்றுதான் சொன்னார்கள். அடேயப்பா! நான் அண்ணாந்தேன். கூரை தெரியவில்லை. உள்ளே மேகம் நின்றது. ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் சாரல். அலமாரிகள் போய்க்கொண்டே இருந்தன, அவற்றுக்கு நடுவில் ரயில் ஓடியது. நானும் கடைக்காரன்தான். என் கடையில் நின்று கையை நீட்டினால் எல்லாம் எட்டும். இங்கே கண்கூட எட்டவில்லை. செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனேன்.

வேலைக்கு வந்தவர்கள் ஒரு நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் உட்கார உட்கார பெஞ்சு நீண்டது. எல்லோரும் தமிழிலேயே பேசினார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

"முன்னே பின்னே தெரியாதவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதுதான் லட்சணம்" என்றார் ஒருத்தர். அவர் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரும் பதிலுக்குச் சிரித்தது.

"இல்லை. எதையும் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெரிய வேண்டும்" என்றாள் ஒரு பெண். "காலையில் நான் பல் டாக்டர். மத்தியானம் வக்கீல். இப்போது குதிரை வளர்க்கிறேன்." அவள் பக்கத்தில் ஒரு குதிரை கொட்டாவி விட்டது.

எனக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதர் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் திருநீறு. என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊ..." என்று ஆரம்பித்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குள் இரண்டு பேர் வந்து மரியாதையாக அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். தேர்வு வைக்கிறவள் பெயர் லொரெய்ன். நீல ஏப்ரன் கட்டியிருந்தாள். ஒவ்வொரு வாக்கியம் பேசி முடிக்கும்போதும் கொஞ்சம் உயரமானாள். என்னை ஒரு கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தினாள். எங்கள் ஊர்க் கடைகளில் இருக்கிற மாதிரியே ஆள் போக வரத் தூக்குகிற பலகை வைத்த கவுண்டர். எதிரே வரிசை. வரிசையின் கடைசி ஆள் நிற்கிற இடத்தில் இன்னும் விடியவில்லை.

"இது வாபஸ் கவுண்டர்" என்றாள். "யார் எதைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்."

"எதையும்னா?"

"எதையும். ஏன், எந்த ஊர் என்றெல்லாம் கேட்கக் கூடாது. ஒரு தடவை கேட்டாலும் ஊருக்குத் திரும்புகிற பஸ்தான். வாங்கிய பிறகு, இந்த நாள் நல்ல நாளாக இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். மனதார."

"வேற குணம் எதுவும் பாக்க மாட்டீங்களா?"

"வேறு எதுவும் இல்லை. இதுவே யாராலும் முடியவில்லை" என்றாள். அவள் தலை மேகத்தைத் தொட்டுவிட்டது.

என் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு போர்டு தொங்குகிறது. "விற்ற சரக்கு வாபஸ் வாங்கப்பட மாட்டாது." வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் புதுப் பெயிண்ட் அடிப்பேன். ஓட்டைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எவனாவது வந்தால், ஏன், எதுக்கு, எவன் போட்டு உடைச்சான் என்று நான் கேட்கிற கேள்வியில் அவன் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவான். அதிலும் பெயர் வெட்டின பாத்திரம் என்றால் பேச்சே கிடையாது. பெயர் வெட்டிவிட்டால் அது அவர்கள் பொருள். உலகத்தில் எந்தக் கடைக்காரனும் அதைத் திரும்ப எடுக்க மாட்டான்.

முதலில் வந்தவர் ஒரு வாணலியை வைத்தார். கரிக்கட்டை. எண்ணெய் விடாமல் அடுப்பில் போட்டுவிட்டு எங்கோ ஊர் சுற்றப் போயிருக்கிறார். பார்த்த பார்வையிலேயே தெரிகிறது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டேன்.

"குடுங்க" என்றேன். "இந்த நாள் நல்ல நாளா இருக்கட்டும்."

வாணலியைப் பின்னால் அலமாரியில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் அது புதுசாகிவிட்டது! என் முகம் அதில் தெரிந்தது. நாலு தலைமுறையாகப் பாத்திரத்தோடு புழங்குகிற குடும்பம் எங்களுடையது. இப்படி ஒரு பளபளப்பை நான் கண்டதில்லை. எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ஒரு விவசாயி சாக்குமூட்டையில் குளிர்காலத்தைக் கொண்டுவந்தார். பாதிதான் செலவாயிற்றாம். வாங்கினேன். ஒரு பையன் தன் பெயரைத் திருப்பிக் கொடுத்தான். தோளில் பிடிக்கிறது என்றான். வாங்கினேன். அலமாரியிலிருந்து வேறொரு பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு விசிலடித்துக்கொண்டே போனான். அவனைப் பெற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் அவன் நடந்து போன அழகைப் பார்க்க வேண்டுமே!

பிறகு ஒரு சிப்பாய் வந்தான். ஒரு போரைத் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். டிபன்பாக்ஸ் அளவுதான் இருந்தது. கையில் வாங்கினால் இன்னும் சுட்டது. வரிசையில் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். நான் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டேன். அதை அலமாரியில் வைக்க மனம் வரவில்லை. புதுசாகிவிட்டால் என்ன செய்வது? கவுண்டருக்குக் கீழே, என் காலடியில் வைத்துக்கொண்டேன். லொரெய்ன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்து ஒரு கிழவி. அந்த மண்ணுக்கே உரியவள், கடை வருவதற்கு முன்பிருந்தே இங்கே இருப்பவள் என்று எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். வெறுங்கையோடு வந்தாள்.

"நான் கொடுக்க வரவில்லை. வாங்க வந்தேன்" என்றாள். "இந்தக் கடை நிற்கிற இடம் எங்களுடையது."

நான் லொரெய்னை நிமிர்ந்து பார்த்தேன்.

"அது வேறு கவுண்டர்" என்றாள் மேகத்திலிருந்து.

"எங்கே இருக்கிறது?" என்றாள் கிழவி.

"இன்னும் கட்டவில்லை."

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. பலகையைத் தூக்கி அவளை உள்ளே விட்டு என் ஸ்டூலைக் கொடுத்தேன். "இருங்கம்மா, கால் வலிக்கும்" என்றேன். அவள் உட்கார்ந்தாள். சாமான்கள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தவங்க வாங்க என்று திரும்பினேன். உலகு நின்றாள்.

என் மகள்தான். அந்தக் கழுத்துதான், அந்த மூக்குத்திதான். ஆனால் ஆள் பாதியாகியிருந்தாள். இடுப்பில் ஒரு குடம். அவள் கல்யாணத்துக்கு நான் சீர் கொடுத்த எவர்சில்வர் குடம். கவுண்டரில் வைத்தாள். கழுத்தோரம் "உலகம்மாள்" என்று பெயர் வெட்டியிருந்தது. கடையில் அந்த வேலைக்கு ஆள் இருந்தும் நானே உட்கார்ந்து புள்ளி புள்ளியாக வெட்டியது.

குடத்துக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் அவள் கல்யாணம் கிடந்தது. அதை விவரிக்க மாட்டேன். குடத்தைப் போலவே அதுவும் நசுங்கியிருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நான் அவசரமாகச் சட்டைப் பையில் துழாவிக் கடுகை எடுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா" என்றாள். முழுக் குரல். "இதை எடுத்துக்குவீங்களா?"

என் தொண்டையில் அந்த 'ஏன்' வந்து நின்றது. ஒரு ஏன் இல்லை, ஒரு படையே நின்றது. ஏன்ட்டி இத்தனை நாள் சொல்லல? ஏன் நல்லா இருக்கேன்னு சொன்ன? அவன் என்ன செஞ்சான், ஏன் செஞ்சான்? நாளைக்கு ஊரில் ஒவ்வொருத்தனும் கடைக்கு வந்து ஏன் அண்ணாச்சி என்று கேட்பானே, நான் என்ன சொல்வேன்? எல்லாம் நெட்டித் தள்ளின. வரிசை மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. ரயில் நின்றது. சாரல் அந்தரத்தில் நின்றது. என் மகள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேள்வி வரும், வந்து விழட்டும் என்று அவள் தோளைக் குறுக்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதைப் பார்த்த பிறகு எப்படிக் கேட்பது?

"குடு தாயி" என்றேன்.

குடத்தை வாங்கி அலமாரியில் வைத்தேன். நசுங்கல் எல்லாம் நிமிர்ந்தது. உள்ளே கிடந்தது காணாமல் போனது. குடம் கோயில் கலசம் மாதிரி ஜொலித்தது. பெயர் மட்டும் அப்படியே இருந்தது. தடவிப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட அழியவில்லை.

"வேற எதுவும் திருப்பிக் குடுக்க இருக்கா?" என்றேன்.

"நான் இருக்கேன்ப்பா" என்றாள்.

நான் பலகையைத் தூக்கினேன். "உள்ள வா."

எங்கிருந்தோ கைதட்டல் கேட்டது. லொரெய்ன் வெகு உயரத்திலிருந்து குனிந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"நீங்கள்தான்" என்றாள். "இத்தனை காலமாகத் தேடினோம். வேலை உங்களுக்கே. ஆயுள் முழுக்க."

அவள் அப்படிச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது, பொய் சொல்லக் கூடாது. இவ்வளவு பெரிய நாடு, இவ்வளவு பெரிய கடை. அத்தனை ஜனமும் என்னையே பார்க்கிறது. ஆனால் நான் வந்த காரியம் என் பக்கத்தில் நின்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"தாயி, இந்த வேலையைத் திருப்பிக் குடுத்துக்கிடுதேன்" என்று லொரெய்னிடம் சொன்னேன்.

லொரெய்ன் வாயைத் திறந்தாள். ஏன் என்ற சொல் அவள் உதடு வரைக்கும் வந்துவிட்டது. மூடிக்கொண்டாள். சர்ரென்று சாதாரண உயரத்துக்கு வந்தாள்.

"கொடுங்கள்" என்றாள். "இந்த நாள் நல்ல நாளாக இருக்கட்டும்."

"வரிசையை யாரு பாக்குறது?" என்றேன். எனக்கும் மனசு கேட்கவில்லை. அவ்வளவு பேர் நிற்கிறார்களே.

ஸ்டூலிலிருந்து கிழவி எழுந்தாள். என் காலடியில் கிடந்த போரை எடுத்து ஸ்டூலுக்கு அடியில் தள்ளினாள். கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"இடம் என்னுடையதுதானே" என்றாள். "அடுத்தவர்."

குடத்தை எடுத்துக்கொண்டு நாங்கள் வெளியே வந்தோம். என் செருப்பு வாசலில் விட்ட இடத்திலேயே கிடந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது.

"தென்காசி எல்லாம் ஏறு!"

உலகு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். குடம் அவள் மடியில் இருந்தது. கண்டக்டர் வந்தார்.

"அண்ணாச்சி, குடத்துக்கு லக்கேஜ் போடணும். உள்ள என்ன இருக்கு?"

"அதெல்லாம் கேக்கப்பிடாதுய்யா" என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

பஸ் புறப்பட்டது.

"ஏன்னு நீங்க கேக்கவே இல்லையேப்பா" என்றாள்.

"கேட்டா வெளிய அனுப்பிருவாக. அந்த ஊருச் சட்டம் அப்படி."

அவள் குடத்தில் வெட்டியிருந்த பெயரை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப பார்டர் தாண்டினதும் கேப்பீங்களா?"

ஜன்னல் வழியாகப் பரோட்டா வாசனை வந்தது. கல்லில் கொத்துகிற சத்தம் கேட்டது. உலகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பஸ் பார்டரைத் தாண்டியது. இலஞ்சியைத் தாண்டியது. தென்காசி கோபுரம் தெரிந்தது.

நான் கேட்கவில்லை.