கத்துறதுக்கு யாரைக் கேக்கணும்?

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு ‘பிரேக் அக்கா’ என்று பெயர். சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே வரும் லாரியைப் பழகுகிறவர் பார்ப்பதற்குள் அவள் அதை மிதித்திருப்பாள். வாயும் அதே வேகம். “ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னா ஏன் சார் கட்டிப்பிடிக்கிறீங்க?” என்று கேட்டு பேங்க் மேனேஜரையே வியர்க்க வைத்தவள்.

அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை மட்டும் மூத்த மகன் பிறந்த நாளிலிருந்து வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது, ஒரு விடுமுறை நாள் மதியச் சாப்பாட்டில், அதில் பாதி வெளியே வந்தது.

“இந்தத் தடவை நான் ஆஸ்பத்திரிக்குப் போகப்போறதில்ல. ஒரு மிட்வைஃபைப் பாத்துப் பேசியாச்சு. வீட்டுலதான் பிரசவம்.”

மாமியார் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிரிட்ஜ் மெக்கானிக்கான கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. சண்டை வரும் என்று தெரிந்தால் அவன் சோற்றில் அதிக அக்கறை காட்டுவான். அவனுடைய அக்கா மட்டும் சிரித்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் அவள்.

“பெரிய டாக்டர்கிட்ட உனக்காகச் சொல்லி வச்சிருக்கேன். மருத்துவச்சி கையில பெத்துக்கறேன்னு போய்ச் சொன்னா என் மூஞ்சியில காறித் துப்புவாங்க.”

“உங்க மூஞ்சியைக் காப்பாத்த நான் பிள்ளை பெத்துக்கலை அண்ணி.”

அண்ணியின் சிரிப்பு நின்றது. அன்றைய சாப்பாடும் அதோடு முடிந்தது.

மிட்வைஃப் ஒரு ஸ்டேஷனரி கடையின் மாடியில் இருந்தாள். முறையாகப் படித்து லைசென்ஸ் வாங்கியவள். முகத்தில் சிரிப்பு குறைவு, பேச்சில் சர்க்கரை கிடையாது. வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“போன தடவை என்ன நடந்துச்சு?”

“சுகப்பிரசவம்தான்.”

“அது குழந்தைக்கு. உங்களுக்கு என்ன நடந்துச்சு?”

யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. சொல்லி முடித்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. மேஜையிலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து ஜன்னலில் வீசலாமா என்றிருந்தது.

மிட்வைஃப் ஆறுதல் சொல்லவில்லை. “நான் டாக்டர்களுக்கு எதிரி இல்ல. எல்லாம் சரியா இருந்தா வீட்டுல பாக்கலாம். ஒண்ணு சரியில்லைன்னாலும் கிளம்புன்னு சொல்லுவேன். அப்ப என்கிட்ட மல்லுக்கட்டக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்.”

வயிறு இறங்கிவிட்ட நாட்களில் அண்ணி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி வந்தாள். கூடத்தில் உட்கார்ந்து, தம்பியைப் பார்த்துப் பேசினாள்.

“பொண்டாட்டி சொல்றதுக்கெல்லாம் தலையாட்டினா நாளைக்கு ரெண்டு உயிருக்கு யார்டா பதில் சொல்றது? போன தடவை என்ன குறை வச்சோம்? ராணி மாதிரி பாத்துக்கிட்டோம்.”

ராணி என்ற சொல்லில்தான் அவளுக்குத் தலைக்கேறியது.

“ராணி மாதிரியா? வலியில கத்தினேன். உங்க வார்டு நர்ஸ் என் தொடையில பளார்னு ஒண்ணு விட்டா. ‘அப்ப இனிச்சுது, இப்பக் கசக்குதா?’ன்னு கேட்டா. நீங்க பக்கத்துல நின்னு டிரிப் மாத்திக்கிட்டிருந்தீங்க அண்ணி. அதைக் கேட்டுச் சிரிச்சீங்க.”

மாமியார் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்புறம் ஒரு வார்த்தை சொல்லாம வெட்டினாங்க. மரத்துப்போக ஊசிகூடப் போடாம தைச்சாங்க. வேண்டாம் வேண்டாம்னு கெஞ்சினேன். ‘தையல் முடியற வரைக்கும் ஆடாதே’ன்னீங்க. வெளிய வந்து இவர்கிட்ட, ‘உன் பொண்டாட்டி ஊரையே கூட்டிட்டாடா’ன்னீங்க. இவரும் சிரிச்சாரு.”

கணவனின் முகம் வெளிறிப்போனது. அந்தச் சிரிப்பு அவனுக்கு நினைவிருந்தது. அக்காவிடம் திரும்பினான்.

“அக்கா, நீ சிரிச்சியா?”

“டேய், தினமும் எத்தனை பேர் கத்துறாங்க தெரியுமா? அது அங்க சும்மா ஒரு பேச்சு. எல்லாரையும் சொல்றதுதான். மனசுல வச்சுக்கிட்டு இத்தனை வருஷம்...”

“எல்லாரையுமா?” என்றான் அவன்.

அண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாமியார் போகவில்லை. சமையலறைக்குள் போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

வலி ஒரு முற்பகலில் வந்தது. மகனைப் பக்கத்து வீட்டில் விட்டார்கள். மிட்வைஃப் உதவியாளோடு வந்து, படுக்கையறை ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். படுக்கச் சொல்லவில்லை. அவள் பீரோவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மண்டி போட்டாள், கணவனின் தோளில் தொங்கினாள். வாய்விட்டுக் கத்தினாள். வலிக்காகக் கொஞ்சம், பழைய ஆத்திரத்துக்காக மீதி. பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கூடியது.

“அவங்க சத்தத்தைக் கூட்டினா கூட்டட்டும். நீங்க கத்துங்க” என்றாள் மிட்வைஃப்.

பெண் குழந்தை பிறந்து, அம்மாவின் நெஞ்சின் மேல் கிடந்து அவளைவிட உரக்கக் கத்தியது. மாமியார் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

ஆனால் நஞ்சுக்கொடி வெளியே வரவில்லை. மிட்வைஃப் ஊசி போட்டாள், காத்திருந்தாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள். விரிப்பில் ரத்தம் பரவியது.

“கிளம்பணும். இப்பவே.”

“மாட்டேன். அங்க வரமாட்டேன்.”

“சம்மதம்னு சொன்ன வாய்தானே இது?” மிட்வைஃப் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள். “உன் கோபம் நியாயம்தான். அதுக்காக உன்னைச் சாகவிட நான் வரல. எழுந்திரு!”

ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க மிட்வைஃபுக்கு மனமில்லை. வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. கணவன் ஓட்டினான், மாமியார் குழந்தையோடு முன்சீட்டில் ஏறினாள். பின்சீட்டில், மிட்வைஃபின் மடியில் தலைவைத்துக் கிடந்தவள் மயக்கத்திலும் திட்டினாள். “கிளட்சுலேர்ந்து காலை எடுங்க. கார் என்ன உங்க கம்ப்ரெஸரா?”

அண்ணியின் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் பார்த்தவுடனே ஆரம்பித்தான். “வீட்டுல பெத்துட்டுக் கடைசியில இங்கதானே வர்றீங்க?”

“பேச்சு அப்புறம்” என்றாள் மிட்வைஃப். என்ன ஊசி போட்டாள், எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று மளமளவென்று சொன்னாள். டாக்டர் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தான். மயக்க மருந்து கொடுத்து நஞ்சுக்கொடியை எடுத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அண்ணி படுக்கையருகே வந்து சார்ட்டைப் பார்த்தாள். “ஆஸ்பத்திரி இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்னு இப்பவாவது தெரியுதா?”

“தெரியுது. செத்திருப்பேன். உயிரைக் காப்பாத்தினா அடிக்கலாம்னு சட்டம் இருக்கா அண்ணி?”

அண்ணி சார்ட்டை மாட்டிவிட்டுப் பிரசவ அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு பெண்ணின் அலறல் வந்தது. தொடர்ந்து பளாரென்று ஒரு சத்தம். “வாயை மூடுறியா, இல்ல அப்படியே விட்டுட்டுப் போகவா?” அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அன்று அவள் தொடையில் அடித்த அதே நர்ஸ்.

குழந்தையைக் கணவன் கையில் கொடுத்தாள். டிரிப் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்து, பிரசவ அறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள்.

“அவளை இன்னொரு தடவை தொட்டுப் பாரு!”

மேஜையில் கிடந்தவள் சின்னப் பெண். கன்னமெல்லாம் கண்ணீர். நர்ஸ் கையை இடுப்பில் வைத்தாள். “யாரு நீ? வெளிய போ!”

“போகமாட்டேன். இங்க கத்துறதுக்கு யாரைக் கேக்கணும்? உன்னையா?” சின்னப் பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டாள். “நீ கத்தும்மா. நல்லாக் கத்து.”

நர்ஸ் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி மூலையிலிருந்த ஸ்டூலைக் காலால் இழுத்துத் தம்பி மனைவியின் பக்கம் தள்ளினாள்.

“உக்காரு. விழுந்து தொலைக்காதே.” நர்ஸிடம் திரும்பினாள். “நீ வெளிய போ. நான் பாத்துக்கறேன்.”

அந்தப் பெண்ணுக்குப் பையன் பிறந்தான். அண்ணி அவளைத் திட்டவில்லை, கொஞ்சவும் இல்லை.

பிற்பகலில் பெரிய டாக்டர் வந்து, வார்டில் கலாட்டா செய்ததற்கு விளக்கம் கேட்டார். எல்லோர் முன்னாலும் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கணவன் குழந்தையோடு பக்கத்திலேயே நின்றான். “விசாரிக்கிறோம்” என்றார். அந்த நர்ஸ் இன்னும் அதே வார்டில்தான் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தபின் கணவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “அக்கா குழந்தையைப் பாக்கணுங்குது. வரச் சொல்லவா?”

“தாராளமா வரட்டும். முதல்ல வாசல்ல நின்னு, ‘சிரிச்சது தப்பு’ன்னு சொல்லட்டும். அப்புறம் உள்ள வந்து குழந்தையைத் தூக்கட்டும்.”

அவன் அதை அப்படியே போனில் சொன்னான். ஒரு வார்த்தையைக்கூட மென்று முழுங்கவில்லை.

அண்ணி இன்னும் வரவில்லை.