அக்கா கேட்ட வரைபடம்

வீட்டில் இரண்டாவதாகப் பிறந்ததால் அவள் சின்னவள். நாற்பதைத் தாண்டி, ஒரு கட்டுமான நிறுவனத்தின் வரைபடப் பிரிவுக்கே பொறுப்பாளராகியும் அந்தப் பெயர் போகவில்லை. அக்கா ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து வாசலிலிருந்தே அப்படிக் கூப்பிட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அங்கேயும் அதுவே நிலைத்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை முதலாளி அவளையும் இரண்டு பொறியாளர்களையும் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். மேசையில் ஆளுக்கொரு ரகசியக் காப்பு ஒப்பந்தம். புதிய வேலையைப் பற்றி, அதைக் கொடுத்தவர் அறிவிக்கும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது. வரைபடம் அலுவலகத்தைத் தாண்டக்கூடாது. வீட்டாரிடம்கூடப் பேசக்கூடாது. முன்பெல்லாம் இப்படி எழுதி வாங்கும் பழக்கம் அங்கே இல்லை. ஒருமுறை யாரோ டீக்கடையில் வாயை விட்டுவிட, ஒரு தரகர் முந்திக்கொண்டு இடத்தின் நடுவிலிருந்த மனையை வாங்கிப் போட்டு ஆனை விலை குதிரை விலை சொன்னார். வேலை நின்றது, பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். அப்படிப் போய், பல மாதம் கழித்துத் திரும்ப அழைக்கப்பட்டவர்களில் சின்னவளும் ஒருத்தி. அதனால் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மனையின் படத்தை அதற்குப் பிறகுதான் விரித்தார்கள். ஐந்து மாடி மருத்துவமனை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கடை வரிசை முழுவதும் இடிபடும். கட்டடச் சொந்தக்காரர்களிடம் தனித்தனியாக விலைப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்த வரிசையில் கடைசிக்கு முந்தின கடை அக்காவின் தையற்கடை. அக்கா துணி வெட்டும் இடத்தில்தான் ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டும் என்று பொறியாளர் பென்சிலால் ஒரு வளைவு போட்டுக் காட்டினார்.

அந்த வாரமே அக்கா வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கடையைப் புதுசாக்கப் போறேன். தரைக்கு டைல்ஸ், முன்னாடி கண்ணாடி, சுவரோட சேர்த்து அலமாரி. நீ ஒரு படம் போட்டுக் கொடு. வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு வெளியில யார்கிட்ட போய் நிக்கறது?"

அளவெடுக்க வருகிறேன் என்று சின்னவள் சொல்லிவைத்தாள். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தலைவலியா என்று கணவர் கேட்டார். ஆமாம் என்றாள், அதற்கு மேல் அவரிடமும் சொல்வதற்கில்லை.

நாளைக்கு, அடுத்த வாரம் என்று கடத்தினாள். அக்கா முதலில் கேலி செய்தாள். ஊருக்கெல்லாம் மாடி மாடியாக வரைகிறவளுக்குக் கூடப்பிறந்தவளின் அலமாரி கண்ணுக்குத் தெரியவில்லை என்றாள். பிறகு கேலி குறைந்தது. கடைசியில் ஒருநாள் சின்னவள் தாங்க முடியாமல் வாயைத் திறந்துவிட்டாள்.

"இப்ப எதுக்குக்கா இந்தச் செலவு? வாடகைக் கடைதானே. கொஞ்சம் பொறேன்."

அக்கா எழுந்துவிட்டாள். "வாடகைக் கடைன்னு எனக்கும் தெரியும். உன் அளவுக்கு நான் வளரலைதான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் காலை சின்னவள் நேராக முதலாளியிடம் போய், அந்த வரிசையில் அக்காவின் கடையும் இருக்கும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அவர் முகம் வெளுத்தது. சொல்லிவிட்டாயா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றாள். ஆனால் 'கொஞ்சம் பொறு' என்று சொன்னதே சொன்ன மாதிரிதானோ என்று ராத்திரியெல்லாம் அரித்ததையும் மறைக்கவில்லை. தன்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டால் மட்டும் தெரிந்தது தெரியாததாகிவிடுமா என்றார் அவர்.

"அப்ப அவங்களுக்குச் சொல்ல ஒரு வழி பண்ணுங்க சார்."

"ஒரு தையற்கடைக்காகவா?"

"வரிசையில ஏழு கடை இருக்கு சார்."

முதலாளி போனை எடுத்தார். வேலை கொடுத்தவர் எழுத்தில் சம்மதித்தால் சொல்லலாம் என்று ஒப்பந்தத்திலேயே இடம் இருந்தது. ஆனால் அவர் சம்மதிக்கவில்லை. ஒரே ஒரு கட்டடச் சொந்தக்காரர் இன்னும் விற்கப் பிடி கொடுக்காமல் இருந்தார். இரண்டு நாள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கடைசி ஆள் கையெழுத்துப் போடும் அன்றே ஏழு கடைக்காரர்களுக்கும் நேரில் சொல்லப்படும். இடம் மாற அவகாசமும் அதற்கான செலவும் கொடுக்கப்படும். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

அக்கா அதுவரை பொறுக்கவில்லை. தங்கையிடம் கேட்பதை விட்டுவிட்டுத் தானே ஓர் ஆளைப் பிடித்துத் தரையைப் போட்டுவிட்டாள். கண்ணாடிக்காரர் அளவெடுக்க வரவேண்டிய வாரத்தில் வேலை கொடுத்தவரின் ஆள் வந்து கடை கடையாகச் சொன்னார். கட்டப்போவது யார் என்று அக்கா கேட்டாளாம். அவர் சின்னவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயரைச் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"எப்போலேர்ந்து?"

"நீ படம் கேக்கறதுக்கு முன்னாடியே."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அதன் பிறகு போன் செய்தால் அத்தான்தான் எடுப்பார். அவள் வேலையாக இருக்கிறாள் என்பார்.

கடையைக் காலி செய்யும் நாளில் சின்னவள் கூப்பிடாமலே போய் நின்றாள். அக்கா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. இருவரும் சுவரிலிருந்த பழைய அலமாரியைக் கழற்றினார்கள். புதுத் தரை பளபளத்தது. அதைப் பார்க்காமல் நடக்கச் சின்னவள் படாதபாடு பட்டாள். நூல்கண்டுகளைப் பெட்டியில் அடுக்கியபடி, திரும்பிப் பார்க்காமலே அக்கா பேசினாள்.

"என்கிட்ட ஒருத்தி எல்லா உடுப்பையும் இடுப்புல பிரிச்சு விடச் சொல்லிட்டுப் போனா. பின்னாடியே அவ நாத்தனார் வந்து, விசேஷமான்னு கேட்டா. எனக்குத் தெரியாதுன்னுட்டேன். அந்த நாத்தனார் அதுக்கப்புறம் என் கடைப் பக்கமே வரலை."

சின்னவள் அடுத்த பெட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஆனா அந்த நாத்தனார் எனக்கு யாரோ. நான் உன் அக்கா."

"ஆமாக்கா."

முதலாளியிடம் மல்லுக்கு நின்றது நாக்கு நுனிவரை வந்தது. இப்போது சொன்னால் அது கணக்குத் தீர்ப்பதுபோல ஆகிவிடும் என்று விட்டுவிட்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தையல் இயந்திரத்தை வண்டியில் ஏற்றினார்கள். கை நசுங்கிவிடப் போகிறது, பார்த்துப் பிடி என்று அக்கா அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டுத்தான் சின்னவளுக்கு மூச்சே வந்தது.

இரண்டு தெரு தள்ளி அக்காவுக்கு வேறு கடை கிடைத்தது. வாடிக்கைக்காரர்களும் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். அக்கா பழையபடி வருகிறாள், சாப்பிடுகிறாள், அத்தானைப் பற்றிக் குறை சொல்லிச் சிரிக்கிறாள். ஆபீஸில் இப்போது என்ன வேலை என்று மட்டும் கேட்பதில்லை. அது தன்மேல் வைத்த மரியாதையா, ஆறாத கோபமா என்று சின்னவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. கேட்டுவிடலாம் என்று நினைப்பாள்; அதற்குள் பேச்சு வேறெங்காவது போய்விடும்.