இடது பக்கம் ஒரு பாக்ஸ்

ஜோ வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். வளன், ஆம்ப்ளிஃபயரை ஒட்டினாற்போல ஸ்டூலில். ஜோ, ஜன்னல் கட்டையில். பழமலைநாதன், வாடகைக்கு எடுத்த டிரம் செட்டுக்குப் பின்னால், முதுகு சுவரில் இடிக்க. வளனின் தங்கை நான்சி, வாசலருகே பாயில், மடியில் லெட்டர் பேடோடு. ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் இரண்டாம் பூசை முடிந்த நேரம்.

இரண்டு மரக் கிட்டார், ஒரு தபேலா, வளனின் குரல், நான்சி எழுதிய பாட்டுகள். இரண்டு வருடமாக இவ்வளவுதான் இவர்கள் கச்சேரி. நெய்வேலியில் ஒரு கல்யாண வரவேற்பில் பெண்ணின் அப்பா சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் அழுதார். அன்று பதிவான கேசட்டைக் கேட்டுத்தான் புதுச்சேரியில் ஒரு கல்லூரி அழைத்திருந்தது. 'உங்கள் அமைதியான பாடல்கள், ஒரு மணி நேரம்.' அதற்குத்தான் பதில் எழுத உட்கார்ந்திருந்தார்கள்.

"அமைதி கிமைதியெல்லாம் இப்ப இல்லன்னு எழுது," என்றான் வளன். "கரண்டு கிட்டாரு, டிரம்ஸு. சத்தமாத்தான் வாசிப்போம்."

"இத்தன நாளா ஊரயே அழ வச்சோம். இனிமே ஆடட்டும்," என்றான் ஜோ.

"நீ பாடாம இருந்தா ஆடுவாங்க," என்றான் பழமலைநாதன்.

ஜோவும் பழமலைநாதனும் இதைப் புது ரசனை என்றே நினைத்திருந்தார்கள். நான்சிக்கு மட்டும் தெரியும். வளனுக்கு செராமிக் கம்பெனியில் 'பால் மில்' என்கிற மெஷினில் வேலை. இரும்பு உருளைக்குள் கூழாங்கற்கள் உருண்டு உருண்டு காதடைக்கும் சத்தத்தோடு களிமண்ணை அரைக்கும். அதன் பக்கத்தில் எட்டு மணி நேரம், ஆறு வருடம். போன மாதம் கடலூரில் காது டாக்டர் சொன்னார்: போனது திரும்பாது, மெல்லிய குரல்கள்தான் முதலில் போகும், மிச்சம் நிற்க வேண்டுமென்றால் சத்தத்தை விட்டு விலகுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் சொன்னான்: "எவன்கிட்டயும் மூச்சு விடாத. மில்லுல தெரிஞ்சா வேலையவுட்டு நிறுத்திடுவாங்க. இவனுங்களுக்குத் தெரிஞ்சா பாட்ட நிறுத்திடுவானுங்க. ரெண்டும் போச்சுன்னா நான் என்னா பண்ணுவேன், நீயே சொல்லு." அடுத்த வாரமே அவன் கரண்டு கிட்டார் வாங்கி வந்தான். அதிலிருந்து வாராவாரம் ஆம்ப்ளிஃபயரின் வால்யூம் திருகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது.

"இன்னொண்ணு எழுது. மேடையில என் இடது பக்கம், என்னைப் பாத்தாப்புல ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ். பெருசா," என்றான் வளன்.

"என்னா மாப்ள, ஜனத்துக்குப் பாடுறியா, ஒனக்கே பாடிக்கிறியா?"

ஜோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த வளன் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான்.

ஜோவும் பழமலைநாதனும் டீ எடுத்துவரக் கீழே இறங்கினார்கள். நான்சி தலையைக் குனிந்து, எழுதியதை வரிசையாக வாய்விட்டுப் படித்தாள். பாக்ஸ் வரி முடிந்ததும், தாளில் இல்லாததையும் அதே குரலில் சேர்த்தாள்.

"அண்ணனுக்கு இடது காது கேக்கல. வலதும் போயிக்கிட்டு இருக்குது. தயவுசெஞ்சு பாக்ஸ் வைக்காதீங்க."

"சரியா இருக்குது," என்றான் வளன். "குடு, கையெழுத்து போடறேன்."

அவள் நிமிர்ந்தாள். முகத்துக்கு நேராக, உதடு தெரிய, "போவ வேணாம்ணே," என்றாள்.

"எனக்கே கேக்குற மாதிரி ஒரு தடவ பாடிட்டு வுட்டுடறேன், நான்சி. ஒரே தடவ."

ஒரு தடவையோடு நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவன் கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கம் நகர்த்தினான்.

ஜோ டம்ளர்களை வைத்துவிட்டு, "ஜங்ஷன் பக்கம்தான் போறேன், ஆர்எம்எஸ் தபால் பொட்டியில போட்டுடறேன். குடு நான்சி," என்றான்.

அவள் தாளை மூன்றாக மடித்தாள். ஓரங்கள் சேர்கின்றனவா என்று பார்த்தாள். உறைக்குள் வைத்து, பசையைத் தடவி, பெருவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தி ஒட்டினாள். தபால்தலையை நேராக வைத்தாள். ஜோ அதை வாங்கிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு இறங்கிப்போய் வண்டியை உதைத்தான்.