சுகிர்தத்திடம் கொடுத்த பை

ரேணுகாவுக்கு உட்கார்ந்தால்தான் வீட்டு நினைப்பு வரும். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, எங்காவது ஒரு கட்டிலில் பையை வைத்தாளோ இல்லையோ, குடியாத்தத்து வீடு முழுக்கக் காதுக்குள் வந்துவிடும். அம்மா குழாயடியில் யாரையோ கூப்பிடுகிற குரல், அப்பா ஷேர் ஆட்டோவைச் சந்துக்குள் திருப்ப முடியாமல் ஹாரன் அடிப்பது, எல்லாம். உடனே எழுந்து அடுத்த பஸ்ஸைப் பார்க்கப் போய்விடுவாள். இப்படியே சேலம், திண்டுக்கல், ராஜபாளையம் என்று ஓடித் தென்காசி வந்து சேர்ந்திருந்தாள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவள். புனேயில் புது வேலை கிடைத்து, சேருவதற்கு நடுவில் ஒரு மாதம் இருந்தது. அதில் அரசு பஸ்ஸிலேயே ஊர் சுற்றுவது, மலிவான விடுதிகளில் தங்குவது, அப்படியே செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குள் போவது என்று திட்டம். கூட வருவதாக இருந்த மூன்று தோழிகளும் கடைசி வாரத்தில் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். தனியாகப் போகிறேன் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். எனவே ரேணுகா அதைச் சொல்லவில்லை. போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று போட்டோக்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

தென்காசியில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு பெண்கள் விடுதியில் இடம் பிடித்தாள். பையை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே சாரல். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஒரு பெண் தன் அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தாள். ரேணுகா ஈரச் செருப்பைக்கூடக் கழற்றாமல் பையை மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு புதிய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

அங்கே மதுரை பஸ் ஒன்று நின்றது. ஏறினால் நாளைக்குள் வீடு. அதற்கு நேர் எதிரே குற்றாலம் டவுன் பஸ். இரண்டுக்கும் நடுவில் நின்று இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள். டவுன் பஸ் முதலில் நகர்ந்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

கண்டக்டர் காசில்லாத மகளிர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு, ரேணுகா ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் மடியில் ஒரு வயர்கூடை, அதில் துண்டும் மாற்றுத்துணியும் எண்ணெய்ப் பாட்டிலும்.

"எந்தூரு பிள்ள?"

"குடியாத்தம். வேலூர் பக்கம்."

"ஏ யப்பா! அங்கன இருந்தா வாரே? தனியாவா?"

"இல்லக்கா. ஃப்ரெண்ட்ஸ் குற்றாலத்துல வெயிட் பண்றாங்க."

அம்மாள் தன் பெயர் சுகிர்தம் என்றாள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலக் கடை. கடை லீவு விட்டால் சீசனுக்குத் தவறாமல் குளிக்க வந்துவிடுவாளாம். வீட்டுக்காரர், மகன், மருமகள் ஒருத்தரும் கூட வரக்கூடாதாம். "வந்தாவன்னா அவுகளுக்குச் சோறு கட்டணும், துணி புழியணும். பொறவு நான் எங்க குளிக்க?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். இறங்குவதற்குள் ரேணுகாவின் வேலை, சம்பந்தம் பேசுகிறார்களா, சாப்பிட்டாளா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். பெயரை மட்டும் கேட்கவில்லை.

மெயினருவியில் நல்ல கூட்டம். தோழிகள் என்று யாரும் கண்ணில் படாததைப் பற்றிச் சுகிர்தம் ஒன்றும் கேட்கவில்லை. "நீ மொதல்ல போய்க் குளி. நான் பையப் பாத்துக்கிடுதேன். பொறவு நான் போறேன், நீ பாத்துக்க" என்றாள். ரேணுகா பையை, போன் உள்ளே இருக்க, அப்படியே கொடுத்தாள். செருப்பையும் அவள் காலடியில் விட்டாள்.

பெண்கள் பக்கம் தலையைக் கொடுத்ததும் தண்ணீர் முதுகில் அறைந்தது. மூச்சு முட்டியது. பக்கத்தில் நிற்பவர்கள் கூச்சல் போடுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. குடியாத்தமும் கேட்கவில்லை. வீட்டை விட்டு வந்தபிறகு முதல்முறையாக ஓர் இடத்தில் நின்றும் அவள் மனசு சும்மா இருந்தது.

விசில் சத்தத்தை அவள் தாமதமாகத்தான் கேட்டாள். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறி, அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் பாதுகாப்பு ஆர்ச்சுக்கு மேலாக விழத் தொடங்கியிருந்தது. "வெளிய வாங்க! எல்லாரும் வெளிய!" போலீஸ்காரர்கள் கத்தினார்கள். யாரோ அவள் கையைப் பிடித்து இழுக்க, கூட்டம் தள்ள, வந்த வழியிலல்லாமல் வேறொரு பக்கமாக வெளியே வந்து விழுந்தாள். திரும்பிப் போகலாமென்றால் கயிறு கட்டிவிட்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சுகிர்தம் நின்ற இடம் காலியாகக் கிடந்தது.

சொட்டச் சொட்ட நனைந்த சுடிதாரோடு, வெறுங்காலோடு, கடைவீதியில் மேலும் கீழும் ஓடினாள். கூடை வைத்திருந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் எட்டிப் பார்த்தாள். போலீஸ் பூத்தில் சொன்னாள். "ரேணுகா என்பவரின் பையை வைத்திருப்பவர் உடனடியாக இங்கே வரவும்" என்று மைக்கில் மூன்று தடவை அறிவித்தார்கள். யாரும் வரவில்லை.

எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் அவளைக் கூப்பிட்டார். அகமது கபீர் என்று பலகையில் எழுதியிருந்தது. "ஏம்மா, இங்கன வந்து அடுப்புப் பக்கம் நில்லு. உன் நம்பருக்குப் போட்டுப் பாத்தியா?" தன் போனைக் கொடுத்தார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பிறகு, மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு நம்பரை அழுத்தினாள்.

"யாருங்க?" என்றாள் அம்மா.

"நான்தாம்மா."

"இன்னாடி, புது நம்பரா கீது? யோவ், டேங்க்கு ரொம்பி வழியுது பாரு, மோட்டார நிறுத்து! நீ சொல்லு."

அந்த அதட்டலைக் கேட்டதும் ரேணுகாவுக்கு அழுகை பொங்கிவிட்டது. பை போனதை, வெள்ளம் வந்ததை, கூட யாரும் இல்லாததை, யாருமே முதலிலிருந்து வரவில்லை என்பதை, எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள்.

அந்தப் பக்கம் மோட்டார் நின்றது.

"தனியாதான் போயிருக்கேன்னு எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "பத்து போட்டோ அனுப்புற, ஒண்ணுல கூட ஒருத்தி இல்ல. நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன். இப்ப அழுவாத. இரு, உங்க நைனா சட்டைய மாட்டிக்கினு கெளம்புறாரு."

"எங்க?"

"அங்கதான். உன்னக் கூட்டியாற."

"ஐயோ, வேணாம்னு சொல்லும்மா! அவரு வந்து சேர நாளைக்கு ஆயிடும். நான் பாத்துக்கறேன். நைனாகிட்ட குடு." அப்பாவைச் சமாதானப்படுத்திச் சட்டையைக் கழற்ற வைப்பதற்குள் அவள் அழுகை நின்றுபோயிருந்தது. கபீர் ஒரு காகிதத்தில் சூடான சிப்ஸை அள்ளி வைத்துவிட்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கபீரின் போன் அடித்தது. அம்மாதான்.

"அடியே, உன் போனுக்குப் போட்டேன். ஒரு அம்மா எடுத்துச்சு. அது பேசறது பாதி புரியல. கோயில் வாசல்ல நிக்குதாம். ரெண்டு பையத் தூக்கிக்கினு உன்னத் தேடி அலையுதாம். ஓடு!"

அவள் ஓடினாள். குற்றாலநாதர் கோயில் வாசலில் சுகிர்தம் ஒரு தோளில் பையும் ஒரு கையில் கூடையும் இன்னொரு கையில் செருப்புமாக, "ஏட்டி குடியாத்தம்! ஏட்டி!" என்று கத்திக்கொண்டிருந்தாள். ரேணுகாவைக் கண்டதும் செருப்பைக் கீழே போட்டாள்.

"எங்கட்டி போன? உசுரே போச்சு! உன்ன ஆத்தோட கொண்டுபோய்ட்டுன்னு நெனச்சேன்."

"மைக்ல சொன்னாங்களேக்கா, ரேணுகான்னு."

"ரேணுகா யாரோ, பாவம் எவளோ பையத் தொலைச்சிட்டான்னுல்லா நெனச்சேன்! உம் பேரு எனக்கெப்படித் தெரியும்?" அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உள்ள போன் அடிச்சுது. அடுத்தவ பையத் தொறக்கக்கூடாதேன்னு விட்டேன். விடாம அடிக்கவும் தொறந்து பாத்தேன். அம்மான்னு இருந்துது. அதுக்கு மேல எடுக்காம இருக்க முடியுமா, சொல்லு?"

அருவியில் அன்றைக்கு யாரையும் விடவில்லை. சுகிர்தம் குளிக்காமலே திரும்ப வேண்டியதாயிற்று. ரேணுகா அதற்காக வருத்தப்பட்டாள். "தண்ணி எங்க போயிரும்? அடுத்த லீவுக்கு வருதேன்" என்றாள் சுகிர்தம். கபீருக்கு நன்றி சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். தோழிகள் இல்லாத கதையை ரேணுகா வழியில் சொன்னாள்.

"உங்கம்மா சொன்னாவ" என்றாள் சுகிர்தம். "சாப்பிட வச்சு அனுப்புங்கன்னும் சொன்னாவ."

அதனால் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஓட்டலில் அவளைப் புரோட்டா சாப்பிட வைத்துவிட்டுத்தான் சுகிர்தம் பாவூர்சத்திரம் பஸ் ஏறினாள்.

ரேணுகா விடுதிக்குப் போய்த் துணி மாற்றி, கட்டிலில் உட்கார்ந்தாள். வெளிச்சம் மங்கத் தொடங்கும் வேளை. எதிர்பார்த்தபடி வீடு வந்தது, பாத்திரச் சத்தமும் ஹாரனுமாக. கால் தானாகச் செருப்பைத் தேடியது. எழுந்திருக்கவில்லை. போனை எடுத்து, "நைனா சட்டைய கழட்டிட்டாரா?" என்று கேட்டாள். அம்மா அரைமணி நேரம் பேசினாள். பாதி நேரம் தண்ணீர் லாரிக்காரனைத் திட்டினாள். வைத்தபிறகும் வீட்டுச் சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உட்கார முடிந்தது.

இரண்டு நாள் தென்காசியிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கால் பரபரக்கத் தொடங்கியது. செங்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.