ஸ்பீடு லாக்

மூன்றாவது வளைவில் என் பஸ் மறுபடியும் திணறியது. டிப்போவை விட்டுக் கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. மேடு ஏற ஆரம்பித்ததும் ரோடு விட்டு விட்டு நகர்ந்தது. மரங்கள் நின்று நின்று வந்தன. நான் ஸ்டியரிங்கைத் திருப்பி முடித்த பிறகு, பஸ் நிதானமாக யோசித்துவிட்டுத் திரும்பியது. அதற்குள் முன்சக்கரம் பள்ளத்தில். திரையின் மூலையில் பயணிகளின் அதிருப்தி சிவப்பாக ஏறியது. வேலையில் இருந்த காலம் முழுக்க ஒரு கைப்பிடிச் சுவரைக்கூட உரசாதவன் நான். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற, உயிரே இல்லாத ஜனங்களிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற டிரைவர் வீட்டில் உட்கார்ந்து பஸ் ஓட்டுவது கொஞ்சம் கோமாளித்தனம்தான். கம்ப்யூட்டர் மகனுடையது. விளையாடுவதற்கென்றே பார்த்துப் பார்த்துப் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்தது. கண்ணில் கோளாறு என்று சொல்லி என்னை முன்கூட்டியே வேலையிலிருந்து இறக்கிவிட்டபோது, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளுக்கெல்லாம் கியர் மாற்றிக்கொண்டிருந்தேன். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவன்தான் இந்த பஸ் விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். பிறகு அவன் கல்யாணமாகி வேறு நாட்டுக்குப் போனான். பேத்தி பிறந்ததும் அவளைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் போனாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் போனாள். இப்போது பேத்தி பள்ளிக்கூடம் போகிறாள். எப்போது கேட்டாலும், "அடுத்த மாசம் வந்துடறேன்" என்பாள். நானும் மாதாமாதம் அவள் கட்டில் விரிப்பைத் துவைத்துப் போடுவேன்.

எங்கள் வீடு ஒரே ஒரு அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையலறை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் மேசைக்கு முதுகுப்பக்கம் அவள் கட்டில். இங்கே இருந்தவரை அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இரவுப் பணி. காலையில் வந்து குளித்துவிட்டுப் படுத்தால் மத்தியானம் வரை தூங்குவாள். அந்த நேரத்தில்தான் நான் பஸ் எடுப்பேன். ஸ்பீக்கரை அணைத்துவிடுவேன். என் பஸ்ஸுக்கு எஞ்சின் சத்தமும் கிடையாது, ஹாரனும் கிடையாது. திரும்பிப் பார்க்காமலே அவள் மூச்சு சீராக வருவது எனக்குக் கேட்கும். ஆளில்லாத கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது பழக்கமாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அவள் போன பிறகும் நான் ஸ்பீக்கரைப் போடவில்லை. சில நாட்களில் என் குரலை நானே சாயங்காலம்தான் முதல்முதலாகக் கேட்பேன், அதுவும் கீழ்க்கடையில் பால் கேட்கும்போது.

மலைப்பாதை புதிதாக வந்தது. விளையாட்டுக்காரர்கள் சேர்த்துவிட்டார்கள். பழைய ஊர்ப்பாதையில் ஒழுங்காக ஓடிய வண்டி அதில்தான் திணற ஆரம்பித்தது. மேட்டில் திணறினால் ஒரு டிரைவருக்கு முதலில் என்ன தோன்றும்? சூடு. பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினேன். மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்த்துக்கொண்டு ஓட்டினேன். ஒருவருக்காவது காற்று வரட்டும் என்றுதான். அப்படியும் அதே மூன்றாவது வளைவு, அதே பள்ளம். கடைசியில் மெக்கானிக்கை வரச்சொன்னேன்.

அவர் என்னைவிடக் கொஞ்சம் இளையவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம்.

"மெக்கானிக்னு கூப்பிடாதீங்கண்ணே. கார்டுல சிஸ்டம் எஞ்சினியர்னு போட்டிருக்கேன்."

"எஞ்சினைப் பாக்கறவர் மெக்கானிக்தானே?"

அவர் ஃபேனை எடுத்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எண்களாக நிறைந்த ஒரு சின்னக் கட்டத்தைத் திரையின் ஓரத்தில் திறந்து வைத்து, "ஓட்டுங்க" என்றார். ஓட்டினேன். வீட்டில் இன்னொருவர் உட்கார்ந்து நான் ஓட்டுவதைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று. கொஞ்சம் பகட்டாகவே வளைத்துத் திருப்பினேன். மேடு வந்தது, பஸ் திணறியது. அவர் எண்களில் விரல் வைத்தார்.

"இதுதான் பிராசசரோட சூடு. அம்பதைத்தான் தாண்டியிருக்கு. சூட்டுல மூச்சு வாங்கணும்னா இது தொண்ணூறுக்கு மேல போயிருக்கணும். உங்க வண்டி சூடே ஆகலைண்ணே."

"அப்புறம் எதுக்குத் திணறுது?"

"இங்க பாருங்க. இது எவ்வளவு கரண்ட் குடிக்குதுங்கற கணக்கு. கிளம்பும்போது நல்லா குடிக்குது. கொஞ்ச நேரத்துல நாப்பத்தஞ்சு வாட்டுக்கு எறங்கி அங்கயே நின்னுடுது. பாதிக்குக் கீழ. தானா நிக்கல, யாரோ நிறுத்தி வச்சிருக்காங்க."

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "ஸ்பீடு லாக்!" என்று கத்தியேவிட்டேன். எங்கள் பஸ்களில் மாட்டியிருப்பார்கள். எஞ்சினுக்கு எவ்வளவு தெம்பிருந்தாலும் சரி, காலை எவ்வளவு அழுத்தினாலும் சரி, ஒரு அளவுக்கு மேல் போகாது. மெக்கானிக் முதல்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, அது விழித்துக்கொள்வதற்குள் ஒரு பொத்தானைத் தட்டி உள்ளே போனார். வரிவரியாக எழுத்துக்கள். நடுவில் ஒரு கட்டத்தில் நாற்பத்தைந்து.

"கையால போட்டதுதான். தெரிஞ்சவங்க வேலை. எடுத்துடவா?"

"இருங்க. போட்டவனை ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

டிப்போவில் அப்படித்தான். லாக் போட்டவரைக் கேட்காமல் அதன் முத்திரையை உடைக்க மாட்டோம். பின்னால் ஒரு காரணம் இருக்கும். மகனுக்குப் போன் போட்டேன். மனைவிதான் எடுத்தாள். போனை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறானாம். சாப்பிட்டீங்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

"அதுவா? நான்தான் அவன்கிட்ட சொல்லிப் போடச் சொன்னேன்."

"நீயா?"

"நீங்க பஸ் எடுத்தா போதும், அந்தப் பெட்டி ஃபேன் ஊளை போடும். என்ன பண்ணியும் தூங்க முடியல. ஏதாவது பண்ணுடான்னேன். ரெண்டு நாள் நோண்டுனான். அதுக்கப்புறம் சத்தமே இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க ஓட்டறதையே விட்டுடுவீங்க. டிப்போவுலதான் எறக்கி விட்டுட்டாங்க, வீட்டுலயும் நான் எறக்கி விடணுமா?"

மெக்கானிக் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தூங்குவதற்காக நான் ஸ்பீக்கரை அணைத்ததைப் பெரிய தியாகமாக இத்தனை நாள் மனதுக்குள் கொண்டாடிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவள் செய்துவைத்தது இதுவரை தெரியவில்லை. உடனே ஒரு சந்தோஷமும் வந்தது. காரணம் கிடைத்துவிட்டதே, இனி மலைப்பாதை வேண்டாம், ஊர்ப்பாதையே போதும் என்று தோன்றியது.

"சரி, அது அப்படியே இருக்கட்டும். நீ வந்தா தூங்கணுமே."

அந்த வீட்டில் எங்கோ பேத்தி எதையோ கேட்டு அழைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மொழி எனக்குப் பாதிதான் புரியும்.

"இல்லங்க," என்றாள் மனைவி. "எடுத்துடச் சொல்லுங்க."

"இல்லம்மா, நீ அடுத்த மாசம்..."

"எடுத்துடச் சொல்லுங்க. சத்தம் போட்டா போடட்டும். அங்க யாரு தூங்கறா?"

கோபமாகச் சொல்லவில்லை. சலித்துக்கொண்டும் சொல்லவில்லை. நோயாளியின் வீட்டாரிடம் பேசும்போது அவளுக்கு வருகிற குரல் அது. நான் அதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுங்க என்றாள். பேத்தி கூப்பிடுகிறாள் என்றாள். அடுத்த மாதம் என்று இந்த முறை சொல்லவில்லை.

மெக்கானிக் விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "என்னண்ணே சொன்னாங்க?"

"எடுத்துடச் சொல்றாங்க."

தட்டினார். நாற்பத்தைந்து போய்விட்டது. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒருமுறை எண்களைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். இன்னும் கொஞ்சம் இருங்களேன், டீ போடுகிறேன் என்றேன். அடுத்து வேலைக்குப் போகவேண்டிய வீட்டில் காத்திருப்பார்கள் என்று போய்விட்டார். லிஃப்ட் இறங்குகிற சத்தம் நிற்கும் வரை கதவருகில் நின்றிருந்தேன்.

திரும்பி வந்து பஸ்ஸை எடுத்தேன். மேடு தொடங்கியதும் பெட்டிக்குள் ஃபேன் எழுந்தது. முதலில் முனகல், பிறகு அறை முழுக்க இரைச்சல். அவள் சொன்னது சரிதான், யாராலும் தூங்க முடியாது. ரோடு தடங்கலில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. மரங்கள் மரங்களாகவே நகர்ந்தன. மூன்றாவது வளைவை பஸ் முழு வேகத்தில் எடுத்தது. பயணிகள் யாரும் குறை சொல்லவில்லை.

அதற்கு மேல் நான் இதுவரை பார்த்திராத ரோடு. எதிர்ப்பக்கம் தெரியாத வளைவு ஒன்று வந்தது. ஹாரன் அடிக்கச் சொல்லி ஓரத்தில் பலகை வைத்திருந்தார்கள். கையை நீட்டி ஸ்பீக்கரைப் போட்டேன். விரலை ஹாரன் மேல் வைத்தேன். பின்னால் துவைத்த விரிப்போடு கட்டில் கிடந்தது. ஃபேன் அலறிக்கொண்டிருந்த அந்த அறையில், விரலை எடுக்காமலும் அழுத்தாமலும், வண்டியின் வேகத்தைக் குறைத்து மெதுவாக வளைவில் திரும்பினேன்.