நடு நாற்காலி

கண்ணாடிக் கடைக்காரர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கண் பார்க்கும் இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, சோதனைச் சட்டத்தில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப எப்படி? இப்ப?" என்று கேட்பாரே, அதுதான் அவர் குரல். வீட்டிலும் அதே குரல்தான். அப்பா வைத்துவிட்டுப் போன கடை, அப்பா வைத்துவிட்டுப் போன பெயர். அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூடத் தெருவில் நின்று சண்டை போட்டது கிடையாது. வீட்டுப் பேச்சு வாசற்படி தாண்டக்கூடாது என்பது அங்கே பிள்ளைகள் நடக்கக் கற்கும்போதே கற்றுக்கொள்ளும் பாடம்.

அன்று காலை அந்தப் படியைத் தாண்டி வந்தார் மைத்துனர். வீட்டம்மாவின் தம்பி. மூக்குக்கண்ணாடியின் காது வளைந்துவிட்டது என்று ஒரு சாக்கு.

"அத்தான், மாடியில ஏதோ நாற்காலி விளையாட்டு நடக்குதாமே?"

"இங்கிலீஷ் கிளாஸ் நடக்குது."

"கிளாஸ்னா உக்காந்த இடத்துல உக்காந்து படிக்கணும். இங்க ஆம்பளையும் பொம்பளையும் எந்திரிச்சு எந்திரிச்சு இடம் மாறுறாங்களாம். எதிர் மாடிக்காரங்களுக்கு நல்ல பொழுதுபோக்காம். அக்கா மகன் பாவம், நடுக்கடல்ல கிடக்கான். இங்க அவன் பொண்டாட்டி லாரி டிரைவருக்கு இடம் காட்டிக்கிட்டு இருக்கா. நான் சொல்லலை அத்தான், ஊர் சொல்லுது."

"ஊருக்கு வாய் உன் முகத்துலதான் இருக்கா?"

மைத்துனர் சிரித்தார். "கோபப்படாதீங்க. சாயங்காலம் நானே வந்து பாக்குறேன். ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லைன்னு நாலு பேருகிட்ட நானே சொல்லிட்டுப் போறேன்."

கடைக்காரர் கண்ணாடிக் காதைச் சூடுகாட்டி நிமிர்த்தி, துணியால் துடைத்துக் கொடுத்தனுப்பினார். ஆனால் சொல் தைத்துவிட்டது. மகன் கப்பலில் எந்திரம் பார்க்கிறவன். வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்த மருமகள், சும்மா கிடக்கும் மாடியறையைக் கேட்டாள். "வீட்டுப் பேரு கெடாம நடத்தும்மா" என்று ஒரே ஒரு சொல் சொல்லி அறையைக் கொடுத்தார். இப்போது அந்தப் பேரைத்தான் ஊர் வாயில் போட்டு மெல்லுகிறது.

மத்தியானம் சாப்பிடும்போது வீட்டம்மாவிடம் முடிவைச் சொன்னார். "இந்த மாசத்தோட கிளாஸ நிறுத்திடச் சொல்லிடறேன். சரக்கு வைக்க இடம் வேணும்னு சொல்லிக்கலாம்."

"சரக்கா? அலமாரியில இருக்கிற கண்ணாடிச் சட்டமே நம்மளப் பாத்துப் பாத்து வயசாகிக் கிடக்குது."

"காரணம் உனக்குத் தெரியும்."

"தெரியும். என் தம்பி வாயும் தெரியும்." கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "கிளாஸுக்கு வர்ற பேக்கரிக்காரரும் அவர் பொண்டாட்டியும் அடுத்த வாரம் நேர்காணலுக்குப் போறாங்க. மகள் இருக்கிற வெளிநாட்டு ஊர்ல ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல வேலை. இங்கிலீஷ்ல கேட்டா இங்கிலீஷ்ல சொல்லணும். அது தவறிப்போச்சுன்னா அவங்க பேரப்பிள்ளைய போட்டோவுலதான் பாக்கணும். யோசிச்சுச் செய்யுங்க."

அவர் யோசித்துவிட்டுத்தான் சாயங்காலம் மாடிப்படி ஏறினார். முடிவு மாறவில்லை.

மருமகள் அவரைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மாமா" என்று சுவரோரம் ஒரு முக்காலி போட்டாள். எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பாடத்தை நிறுத்தவில்லை. அதைக் கடைக்காரர் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

அறையின் முன்பக்கம் வரிசையாக நாற்காலிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் இங்கிலீஷ் சொல் எழுதிய அட்டை. 'வீ' நாற்காலியில் ஆஸ்பத்திரி நர்ஸ், 'ஹேவ்' நாற்காலியில் பேக்கரிக்காரர், ஒட்டினாற்போல் 'ஃபினிஷ்ட்' நாற்காலியில் அவர் மனைவி. லாரி டிரைவர் 'ஆல்ரெடி' என்ற அட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேலையை முடிச்சாச்சுன்னு சொல்லணும். ஆல்ரெடி எங்க உக்காரும்?"

டிரைவர் நேரே போய் நர்சுக்கு முன்னால் நின்றார். "ஆல்ரெடி வீ ஹேவ் ஃபினிஷ்ட்."

சரிதானே என்று கடைக்காரருக்குத் தோன்றியது. லென்சு கம்பெனிக்கு அவர் எழுதுவதெல்லாம் அப்படித்தான். "ஆல்ரெடி ஐ ஹேவ் சென்ட் தி ஆர்டர்." வாய்விட்டே கேட்டார்: "ஏம்மா, இதுல என்ன தப்பு?"

"புரியாமப் போகாது மாமா. ஆனா அந்த ஊர்ல பேசுறவங்க வாயில அப்படி வராது. இந்த ஆல்ரெடி, ஜஸ்ட், நெவர் எல்லாம் ஹேவுக்கும் வினைக்கும் நடுவுலதான் போய் உக்காரும். வீ ஹேவ் ஆல்ரெடி ஃபினிஷ்ட். யெட் மட்டும் உள்ள வராது, அது கதவோரம், கடைசி நாற்காலி."

"ஒண்ணா இருக்கிற ரெண்டைப் பிரிச்சு நடுவுல நுழையறதா?"

"பிரிக்கலை மாமா. கொஞ்சம் நகந்து இடம் விடறாங்க."

பேக்கரிக்காரர் நாற்காலியை இழுத்து இடம் விட்டார். நடுவில் ஒரு காலி நாற்காலி வந்தது. டிரைவர் அதைப் பார்த்தார், கணவனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மலை மாதிரி ஆள், காது சிவந்துவிட்டது.

"டீச்சர், வேற என்ன வேணா சொல்லுங்க, செய்யறேன். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல போய் நான் எப்படி உக்காருவேன்?"

"அட, நீ தம்பி மாதிரி, உக்காருப்பா" என்றார் பேக்கரிக்காரர்.

"அண்ணே, நீங்க சொல்லுவீங்க. அண்ணி மூஞ்சியப் பாருங்க."

அண்ணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். நர்ஸ் சிரிப்பை அடக்க இருமினாள். மருமகள் கையில் சுண்ணக்கட்டியோடு நின்றாள். தம்பதியை அப்படி உட்காரவைத்திருக்கக்கூடாது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மாமனாரோ முக்காலியில்.

கடைக்காரருக்கு அந்த டிரைவர்மேல் திடீரென்று ஒரு மரியாதை வந்தது. முறை தெரிந்த மனுஷன். ஆனால் முறை தெரிந்தவனுக்கு உட்கார இடமில்லாத வகுப்பை எதற்கு நடத்த வேண்டும்? சொல்லிவிட இதுவே சமயம். தொண்டையைச் செருமினார்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர்க் குடத்தோடு வீட்டம்மா உள்ளே வந்தாள். குடத்தை மூலையில் வைத்தாள். டிரைவர் கையிலிருந்த அட்டையை வாங்கிக்கொண்டாள். நேரே போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"புருஷன் பொண்டாட்டி நடுவுல உக்காரத் தகுதியானவ உலகத்துலயே ஒருத்திதான். மாமியார். என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

பேக்கரிக்காரர் மனைவி முந்தானையை எடுத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். டிரைவர் நிம்மதியாக மூச்சு விட்டார். மருமகள் மட்டும் சிரிக்காமல் மாமனாரைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள் வீட்டம்மா அக்கம் பக்கம் பார்த்து. வரிசை சொன்னது: "வீ. ஹேவ்." அவள் அட்டையை உயர்த்தி, "ஆல்ரெடி" என்றாள், கோர்ட்டில் சாட்சி சொல்கிறவள் மாதிரி. "ஃபினிஷ்ட்!" என்றாள் பேக்கரிக்காரர் மனைவி, அறை முழுக்கக் கேட்கும்படி. அவள் குரலைக் கடைக்காரர் இதற்கு முன் கேட்டதேயில்லை. கடைக்கு வரும்போதுகூட எழுத்துப் பலகையைப் புருஷனைப் படிக்கச் சொல்கிறவள் அவள்.

"இதைப் பாக்கத்தான் வந்தேன்!" என்று வாசலில் ஒரு குரல். மைத்துனர். துணைக்கு ஒரு நண்பரையும் கூட்டிவந்திருந்தார். "என்ன அத்தான், நான் சொன்னப்ப முறைச்சீங்களே. ஊரான் புருஷன் பக்கத்துல..." என்று ஆரம்பித்தவர், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண்ணுக்குத் தெரிந்ததும் பாதியில் நிறுத்தினார்.

கடைக்காரர் எழுந்தார். குரல் உயரவில்லை.

"ஏன் நிறுத்திட்டே? முழுசாச் சொல்லு. உன் கூடப்பிறந்தவ யார் பக்கத்துல உக்காந்திருக்கான்னு உன் வாயாலயே சொல்லு. கூட வந்தவரும் கேக்கட்டும்."

"அக்கான்னு தெரியாது அத்தான்..."

"அக்கான்னா ஒரு பேச்சு, அடுத்த வீட்டுப் பொம்பளைன்னா ஒரு பேச்சா? இது என் வீடு. இங்க படிக்க வர்ற பொம்பளை எல்லாம் இந்த வீட்டுப் பொம்பளை. அவங்களைப் பத்திப் பேசினா என்னைப் பத்திப் பேசின மாதிரி."

நண்பர் மெதுவாகப் படியிறங்கிப் போய்விட்டார். மைத்துனர் நின்றார். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"தம்பி, அப்படியே கதவோர நாற்காலியில உக்காரு" என்றாள் வீட்டம்மா. "அங்க யெட்டுக்கு ஆள் இல்லாம இருக்கு."

அவர் உட்கார்ந்தார். வேறு வழி?

வகுப்பு கலைந்த பிறகு கடைக்காரர் மருமகளை நிறுத்தினார். வகுப்பை நிறுத்தச் சொல்ல வந்தவர் அதைச் சொல்லாமலே விட்டார் என்பது இருவருக்கும் தெரியும். அதை வாயால் ஒத்துக்கொள்ள அவரால் ஆகாது. நிபந்தனையாகச் சொன்னார்.

"நடத்து. கதவு திறந்தே இருக்கட்டும். ஜன்னல் திரையை விலக்கி வை, பாக்குறவங்க நல்லாவே பாக்கட்டும். உங்க அத்தை தினமும் வந்து உக்காரட்டும்."

மருமகள் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கதவு எப்பவும் திறந்துதான் இருக்கு மாமா. திரையையும் விலக்கிடறேன். அத்தை வர்றதைப் பத்தி ஒரு வார்த்தை. எனக்குக் காவலா வர்றதா இருந்தா வேண்டாம், நான் கிளாஸையே விட்டுடறேன். படிக்க வர்றாங்கன்னா முதல் நாற்காலி அவங்களுக்குத்தான்."

இந்த வீட்டில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவள் கண் தாழவில்லை என்பதை அவர் பார்த்தார். மானம் என்பது தன் பக்கத்துச் சொத்து மட்டும் என்று இத்தனை நாளும் இருந்துவிட்டோமோ என்று ஒரு கணம் எண்ணம் ஓடியது. வாசற்படியில் வீட்டம்மா காலிக் குடத்தோடு நின்று, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"படிக்கத்தாம்மா வர்றா" என்றார்.